முள்ளிவாய்க்காலில் தொலைந்த காகிதங்களோடு கனடா ஸ்பொன்சர் சரிவருமா?

புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் நீளமாக எழுதிக் கேட்டிருக்கிறார். மாசி மாதம் முல்லைத்தீவில் பதிவு, அடுத்த கிழமை கோயிலில் தாலி. மாப்பிள்ளை இங்கே பிறந்து, சின்ன வயதில் கனடா போய், குடியுரிமை எடுத்தவர். ஐந்து கிழமை நின்றுவிட்டு ரொறன்ரோ திரும்பிவிட்டார். அம்மம்மாவின் ஆண்டுத் திவசம் முடியாததால் மண்டபம் எடுக்கவில்லை. வீட்டு முற்றத்தில் முப்பது பேருக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். 2009இல் இவருக்கு 12 வயது. மூத்த அண்ணாவை இயக்கம் (விடுதலைப் புலிகள்) கொண்டுபோனது, இன்றுவரை தகவல் இல்லை. கையில் இருக்கிற பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வந்தபிறகு 2011இல் பதிந்தது. இப்போது ஒரு முகவர் நான்கு இலட்சம் ரூபா கேட்கிறார். அண்ணாவின் பெயரைப் போட வேண்டாம், 2006இலிருந்து வவுனியாவில் இருந்ததாக எழுதினால் பிரச்சினை இருக்காது என்கிறாராம். கலியாணத்தை வைத்துக் கனடாவில் பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கிடைக்குமா, எவ்வளவு காலம் எடுக்கும் என்பது கேள்வி.

தங்கச்சி, எழுதியிருப்பது அப்படி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. வன்னியில் பிறந்து வளர்ந்ததும், யுத்தத்துக்குள் இருந்ததும், அண்ணா இயக்கத்தில் இருந்ததும் உங்களுக்கு எதிராக நிற்குமா என்பதுதான் உங்கள் பயம். அந்தப் பயத்துக்குத்தான் முகவர் விலை போட்டிருக்கிறார். முதலில் அதற்குப் பதில்: நிற்காது. நீங்கள் எழுதியது முழுவதும் உண்மை என்றால், உங்கள் கதையில் விண்ணப்பத்தைக் கெடுக்கக்கூடிய ஒரே விஷயம் அந்த முகவர் எழுதச் சொல்கிற பொய்தான்.

நான் வவுனியாவில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கனடா, லண்டன், சுவிஸ் போகிற பிள்ளைகளின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் என் மேசைக்கு வரும். விண்ணப்பம் போட்டபிறகு வருகிற கடிதங்களையும் என்னிடமே வாசிக்கக் கொண்டுவருவார்கள். அப்படித்தான் இந்த விதிகளைப் படித்தேன். நான் சட்டத்தரணி இல்லை. அதனால் கீழே சட்டத்தில் உள்ளதைச் சட்டம் என்றும், நான் பார்த்துப் பழகியதை அனுபவம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

கனடாவின் வழி இதுதான். குடிமகனோ நிரந்தர வதிவிடம் உள்ளவரோ தன் மணத்துணையைக் குடும்பப் பிரிவில் ஸ்பொன்சர் செய்யலாம். உங்கள் கணவர் போடுவது ஒரு விண்ணப்பம், நீங்கள் போடுவது இன்னொரு விண்ணப்பம், இரண்டும் ஒன்றாக இணையத்தில் போகும். முதலில் அவர் ஸ்பொன்சர் செய்யத் தகுதியானவரா என்று பார்ப்பார்கள், பிறகு உங்களைப் பார்ப்பார்கள். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சாதாரணமாக மனைவியை எடுக்க இவ்வளவு வருமானம் வேண்டும் என்ற எல்லை கிடையாது. அம்மா அப்பாவை எடுக்கிறபோது கேட்கிற அந்த வருமானக் கணக்கைக் கேள்விப்பட்டு, மாப்பிள்ளைக்குச் சம்பளம் காணாது என்று பயந்து இரண்டு வருடம் போடாமலே இருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். வீணாகப் போன இரண்டு வருடம். ஆனால் அவர் அங்கே அரசாங்க உதவிப் பணத்தில் இருக்கக் கூடாது. உடல் இயலாமைக்காக எடுக்கிற உதவி என்றால் பரவாயில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு உங்கள் செலவுக்கு அவர் பொறுப்பு என்று கையெழுத்து வைப்பார். இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு அவரை விட்டுப் போகாது.

இதில் நம் பிள்ளைகள் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. கனடா மாப்பிள்ளை என்றதும் வீட்டில் எல்லோரும் அவருக்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நீங்கள் இப்போது அவருடைய மனைவி, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முன்பு பதிவு செய்தவரா? செய்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு முடிவானதா, எந்தத் திகதியில்? வேறு யாரையாவது மனைவி என்று ஸ்பொன்சர் செய்து அழைத்தவரா? அழைத்திருந்தால், அந்தப் பெண் நிரந்தர வதிவிடம் பெற்று மூன்று வருடம் முடியாமல் உங்களை எடுக்க முடியாது. அவரே ஒரு மனைவியின் ஸ்பொன்சரில் போனவரா? அப்படியானால் அவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்து ஐந்து வருடம் கழிய வேண்டும். வங்குரோத்து போட்டு இன்னும் அதிலிருந்து விடுவிக்கப்படாமல் இருக்கிறாரா? இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் கனடா போகிறபோது தனக்கு மனைவியோ பிள்ளையோ இருப்பதை மறைத்துத் தனியாள் என்று எழுதிப் போயிருந்தால், அப்போது மறைத்த அதே ஆளைப் பிறகு குடும்பப் பிரிவில் எடுப்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. கிளிநொச்சியில் ஒரு பெண் பிள்ளை பெற்று, பிள்ளை நடக்கத் தொடங்கியபிறகுதான் கணவருக்கு முதல் கலியாணத்தின் பொறுப்பு இன்னும் முடியவில்லை என்று அறிந்தாள். அவர் கெட்ட மனிதர் இல்லை, சொல்ல வெட்கப்பட்டார். அந்த வெட்கத்துக்கு அவள் காத்திருந்தாள்.

கலியாணம் செல்லுமா என்பதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. இருவரும் பதிவாளருக்கு முன்னால் நேரில் இருந்து கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று வட்ஸ்அப் வீடியோவில் தாலி காட்டிக் கட்டுகிற கலியாணங்களும், ஒருவருக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்து வைக்கிற பதிவுகளும் நடக்கின்றன. 2015 ஜூன் முதல் கனடா குடிவரவில் இப்படிப்பட்ட கலியாணங்களை ஏற்பதில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் உடலோடு இருந்திருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியது ஊருக்கும் உங்களுக்கும் கலியாணம். விண்ணப்பத்துக்குப் பதிவுச் சான்றிதழ்தான் கலியாணம். இரண்டு திகதியும் வேறுவேறாக இருந்தால் வேறுவேறாகவே எழுதுங்கள்.

அடுத்தது உண்மையான உறவா என்ற கேள்வி. குடிவரவுக்காகவே செய்த கலியாணம் என்றோ, உண்மையான உறவு இல்லை என்றோ அதிகாரி நினைத்தால் மறுக்கலாம். இது சட்டம். எதைப் பார்த்து அப்படி நினைப்பார் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தரகர் பேசிச் செய்த கலியாணம் என்பதால் மறுப்பதில்லை. நம் நாட்டில் கலியாணம் பேசித்தான் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். யார் பேசினார்கள், குறிப்புப் பொருத்தம் யார் பார்த்தது, முதலில் எப்போது தொலைபேசியில் கதைத்தீர்கள், அவர் வீட்டார் யார் வந்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். உறவு பற்றிய கேள்விப்படிவம் ஒன்று இருக்கிறது, எண் ஐ.எம்.எம். 5532. அதை நீங்கள் இருவரும் தனித்தனியே யோசித்து, பிறகு சேர்ந்து நிரப்புங்கள். முகவர் நிரப்பினால் எல்லாப் பெண்ணுக்கும் ஒரே கதைதான் வரும். ஒரே கிழமையில் என்னிடம் வந்த மூன்று பேரின் படிவத்தில் 'முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது' என்ற அதே வசனம் இருந்ததைக் கண்டிருக்கிறேன். மூவரில் ஒருத்தி மாப்பிள்ளையைப் பதிவு நாள்வரை நேரில் பார்க்கவே இல்லை.

மண்டபம் எடுக்காததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அம்மம்மாவின் மரணச் சான்றிதழை மொழிபெயர்த்து வைத்து, ஆண்டுத் திவசம் முடியாமல் நம் வீடுகளில் பெரிதாகக் கொண்டாடுவதில்லை என்று நாலு வரி எழுதுங்கள். காரணம் இல்லாமல் சின்னதாக நடந்த கலியாணம் சந்தேகம் தரலாம். காரணத்தோடு சின்னதாக நடந்த கலியாணம் வெறும் கலியாணம். புகைப்படம் 20க்கு மேல் வேண்டாம், உரையாடல் 10 பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று அவர்களுடைய பட்டியலிலேயே சொல்லியிருக்கிறார்கள். வட்ஸ்அப் உரையாடல் நானூறு பக்கத்தை அச்செடுத்து, மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். அதில் எனக்குத்தான் காசு, உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு எடுங்கள். சாப்பிட்டாயா, அம்மாவுக்குக் காய்ச்சல் குறைந்ததா என்று கேட்கிற சாதாரண பேச்சு கொஞ்சிப் பேசுகிற பேச்சைவிட அதிகம் நம்ப வைக்கும். இது என் அனுபவம்.

காசு அனுப்புகிற விஷயம் ஒன்று. நம் ஆட்கள் பலர் உண்டியலில்தான், அதாவது வங்கிக்குப் போகாமல் ஆள் மூலம் கைமாற்றித்தான், அனுப்புகிறார்கள். விலை நன்றாகக் கிடைக்கும், வீட்டு வாசலுக்கே வரும். ஆனால் உண்டியல் காசுக்கு ரசீது கிடையாது. கணவர் ஒரு வருடமாக மாதாமாதம் உங்களைப் பார்த்திருந்தாலும் காட்ட ஒரு துண்டுகூட இருக்காது. இனி உங்கள் பெயரில் இருக்கிற வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், சின்னத் தொகையானாலும் சரி. முடிந்தால் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அவர் ஒருமுறை வந்துபோகட்டும். கலியாணத்துக்குப் பிறகு மறுபடி வந்துபோன பயணத்தின் போர்டிங் பாஸ், ஆல்பத்தில் இருக்கிற நூறு படத்துக்குச் சமம்.

இனி உங்கள் காகிதங்கள். இதில்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா மகளின் பத்திரங்களைக் கொண்டுவந்தார். ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள் மெழுகுதிரியால் சூடு வைத்து ஒட்டிய பொலித்தீன். பிரித்தால் ஒரு கிளினிக் அட்டை. நந்திக்கடல் தண்ணி பட்டு மை பரவி, பிள்ளையின் பெயரில் முதல் இரண்டு எழுத்தும் பிறந்த திகதியும் மட்டும் மிச்சம். "பவுணை விட்டிட்டு வந்தனான், இதை விடேல்லை" என்றார். அந்த அட்டையை வைத்துத்தான் பிரதேச செயலகத்தில் அவர் மகளின் பிறப்பைக் காலம் கடந்து பதிந்தார்கள். யுத்தம் முடிந்தபிறகு முகாம்களிலும் மீள்குடியேறிய ஊர்களிலும் நடமாடும் சேவைகள் வைத்து இப்படி ஏராளமான பதிவுகள் செய்தார்கள். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும்.

காலம் கடந்த பதிவு போலிப் பதிவு இல்லை, அது சட்டப்படியான பதிவு. ஆனால் பிறந்த திகதி 1997 என்றும் பதிந்த திகதி 2011 என்றும் ஒரே தாளில் இருக்கிறதைப் பார்த்து, இங்கே நடந்தது தெரியாத அதிகாரி ஏன் என்று கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். முதலில் பதியப்பட்டதா, அந்தப் பத்திரம் எங்கே தொலைந்தது, மறுபடி எந்தச் சான்றை வைத்துப் பதிந்தார்கள் என்று அரைப் பக்கம் போதும். பாடசாலை இடாப்பில் உங்கள் பிறந்த திகதி இருக்கும், சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள் இருக்கும். கிளினிக் அட்டை தப்பியிருந்தால் அதையும் வையுங்கள். மணத்துணை விண்ணப்பத்தில் உங்களை அடையாளப்படுத்துவது முக்கியமாகக் கடவுச்சீட்டுத்தான் என்பதால் இது பெரிய தடையாகிப் பார்த்ததில்லை. அம்மா பிள்ளை உறவை நிரூபிக்க வேண்டிய விண்ணப்பங்களில்தான் காலம் கடந்த பதிவு பாடாய்ப் படுத்துகிறது.

பெயர் எழுத்து வித்தியாசம் இதைவிடத் தொல்லை. யாழினி என்ற பெயரை ஆங்கிலத்தில் அடையாள அட்டையில் 'ழ'வுக்கு இசட் எச் போட்டு எழுதியிருப்பார்கள், திருமணப் பதிவில் எல் போட்டு எழுதியிருப்பார்கள், பாடசாலையில் வேறு விதமாக. அப்பாவின் பெயர் ஒன்றில் கந்தையா சிவலிங்கம், இன்னொன்றில் சிவலிங்கம் மட்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கனடாப் படிவமோ குடும்பப் பெயர் என்ன என்றுதான் கேட்கும். விதி இலகுவானது: கடவுச்சீட்டில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். வேறு பத்திரங்களில் உள்ள மற்ற வடிவங்களை 'வேறு பெயர்கள்' என்று கேட்கிற இடத்தில் போடுங்கள். கலியாணமானதால் இப்போதே கணவர் பெயரைச் சேர்த்துக் கடவுச்சீட்டு மாற்ற ஓட வேண்டாம். ஒரு பெயர் மாறினால் ஆறு பத்திரம் மாற வேண்டிவரும்.

இந்தத் தொழிலைத் தொடங்கிய காலத்தில் நான் ஒரு பிழை செய்தேன். திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளையின் அப்பா பெயரில் பதிவாளர் ஒரு எழுத்தை விட்டிருந்தார். உதவி என்று நினைத்து மொழிபெயர்ப்பில் அதைச் சரியாக எழுதிவிட்டேன். மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஏன் வித்தியாசம் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஐந்து மாதம் போயிற்று. மொழிபெயர்ப்பாளர் பிழையையும் பிழையாகவே எழுத வேண்டும். திருத்தம் வேண்டுமானால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து, பதிவிலேயே திருத்தி, புதுப் பிரதி எடுக்க வேண்டும். உங்கள் மொழிபெயர்ப்பாளர் "நான் சரிக்கட்டித் தாறன்" என்று சொன்னால் பத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். அதேபோல் உங்கள் சொந்தக்காரர் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது, அவர் எவ்வளவு படித்தவரானாலும்.

சரி, யுத்த காலம். முகவர் 2006இலிருந்து விலாசம் உருவாக்கச் சொல்கிறார். அந்த விலாசத்தை யாரும் கேட்கவே இல்லை. பின்னணிப் படிவம், எண் ஐ.எம்.எம். 5669, நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கே இருந்தீர்கள் என்று கேட்பது கடந்த பத்து வருடத்துக்குத்தான். அந்தப் பத்து வருடத்தில் ஒரு மாத இடைவெளியும் இல்லாமல் எழுத வேண்டும். வீட்டில் சும்மா இருந்த மாதங்களையும் அப்படியே எழுதுங்கள். முள்ளிவாய்க்கால் அந்தக் கணக்குக்குள் வராது. ஆனால் அதே படிவத்தில் ஆம், இல்லை என்று பதில் சொல்கிற சில கேள்விகளுக்குக் கால எல்லை இல்லை. எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா, ஆயுதப் போராட்டத்தை ஆதரித்த அமைப்பில் எப்போதாவது உறுப்பினராக இருந்தீர்களா அல்லது தொடர்பு இருந்ததா என்பவை அவை. கேள்வி உங்களைப் பற்றியது. நீங்கள் அப்போது தாயோடு பங்கருக்குள் இருந்த பிள்ளை. அண்ணா இருந்தார் என்பதால் நீங்கள் இருந்ததாக ஆகாது. ஒருவருக்கு அனுமதி மறுப்பதற்குக் கனடாச் சட்டம் பார்ப்பது அவருடைய சொந்த உறுப்புரிமையை, சகோதரனுடையதை இல்லை.

முகாமில் இருந்ததைத் தடுத்து வைத்தது என்று எழுதுவதா? இதில் சட்டத்தரணிகளே இரண்டு விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெளியே போக விடவில்லை என்பது உண்மை, குற்றம் சாட்டி அடைக்கவில்லை என்பதும் உண்மை. எந்தப் பெட்டியில் குறி போட்டாலும், விளக்கக் கடிதத்தில் இத்தனையாம் மாதம் முதல் இத்தனையாம் மாதம் வரை செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் குடும்பத்தோடு, இடம்பெயர்ந்தவளாக இருந்தேன் என்று ஒரு வரி எழுதினால் யாரும் மறைத்ததாகச் சொல்ல முடியாது. அந்த முகாம் 2012 செப்டம்பர் வரை இருந்தது உலகம் அறிந்தது.

அண்ணாவின் பெயரைக் கட்டாயம் போட வேண்டும். ஐ.எம்.எம். 5406 என்ற குடும்பப் படிவம் உங்கள் கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் கேட்கிறது, இறந்தவர்களையும் சேர்த்து. நாளைக்கு நீங்கள் அங்கே போய், அம்மா வேறு எதற்காவது விண்ணப்பித்து, அதில் மூன்று பிள்ளைகள் என்று இருந்தால், இரண்டு என்று எழுதிய உங்கள் படிவம் பொய்யாகும். முக்கியமான உண்மையை மறைத்தால் விண்ணப்பத்தை மறுப்பதோடு ஐந்து வருடத்துக்கு அனுமதித் தடையும் போடலாம். பி.ஆர். கிடைத்தபிறகு தெரிந்தாலும் அதைப் பறிக்க வழி இருக்கிறது. இது சட்டம்.

இன்னொன்று, இதை மன்றாடிக் கேட்கிறேன். படிவத்தில் ஒரு பெட்டியை நிரப்புவதற்காக அம்மாவை அண்ணாவுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வைக்காதீர்கள். காணாமற்போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய 2010இல் ஒரு சட்டம் வந்தது, காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்துகிற சான்றிதழுக்கு 2016இல் திருத்தம் வந்தது. இரண்டும் எடுக்காமல், பிள்ளை வருவான் என்று 2017 மாசியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் குந்தியிருந்த தாய்மாரை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவரவர் முடிவு அவரவருக்கு. கனடா அதைக் கேட்கவில்லை. விலாசம் கேட்கிற இடத்தில் 'காணாமற்போனார், 2009' என்று எழுதி, விளக்கக் கடிதத்தில் இரண்டு வரி சேருங்கள். போதும்.

இதை வாசிக்கிற வேறு சிலருக்கும் சொல்ல வேண்டும். நீங்களே இயக்கத்தில் இருந்திருந்தால், கட்டாயமாகக் கொண்டுபோனது என்றாலும், பதினைந்து வயதில் என்றாலும், புனர்வாழ்வு முடித்து வந்திருந்தாலும், விண்ணப்பத்தை நீங்களே தனியாக நிரப்பிப் போட வேண்டாம். 2006 ஏப்ரலில் கனடா புலிகளைத் தடைசெய்த பட்டியலில் சேர்த்தது. உறுப்பினராக இருந்தவருக்கு அனுமதி மறுக்கக் குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. வற்புறுத்திக் கொண்டுபோனதும் வயதும் வாதிடக்கூடிய விஷயங்கள், ஆனால் முடிவு ஒவ்வொருவர் கதையிலும் வேறாகப் போகிறது. மறைக்கவும் வேண்டாம். கனடாவில் குடிவரவு வழக்குப் பார்க்கிற சட்டத்தரணி ஒருவரிடம் முதலில் முழுவதையும் சொல்லுங்கள். இதற்குச் செலவழிக்கிற காசு வீண்போகாது. அதேபோல் முதல் கணவர் காணாமற்போன பெண்கள், காணவில்லை என்ற சான்றிதழ் அந்தக் கலியாணத்தை முடித்துவைக்காது என்பதை அறிந்திருக்க வேண்டும். மரணப் பதிவோ விவாகரத்தோ இல்லாமல் செய்த இரண்டாம் பதிவு விண்ணப்பத்தில் உடைந்துவிடும். முதல் கலியாணத்துப் பிள்ளைகள் இருந்தால், இப்போது கூட வராவிட்டாலும் அவர்களுடைய பெயரைப் போட்டு மருத்துவப் பரிசோதனையும் செய்விக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளையைப் பிறகு எடுப்பது மிகக் கடினம்.

நான்கு இலட்சத்துக்கு வருவோம். கனடாக் குடிவரவு விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவும் உங்களுக்காகப் பேசவும் அனுமதி உள்ளவர்கள் அங்கே ஏதாவது மாகாணச் சட்டத்தரணிகள் சங்கத்தில் உள்ளவர்கள், கியூபெக் நொத்தாரிசுகள், குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவுள்ளவர்கள். பெயரைக் கேட்டு அந்தந்தச் சங்கத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். தன் பெயரைப் படிவத்தில் போட வேண்டாம் என்று சொல்கிற முகவர் அந்தப் பட்டியலில் இல்லாதவர். அரசாங்கக் கட்டணம் 2024 ஏப்ரலில் கூடியபோது, ஸ்பொன்சருக்கு 85, உங்கள் விண்ணப்பத்துக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575, ஆக 1205 கனடா டொலர், கைரேகைக்குத் தனியாக 85. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள், கட்டுகிற அன்று அவர்களுடைய தளத்தில் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற நேரான விண்ணப்பத்தை இங்கிலிஷ் வாசிக்கத் தெரிந்த உங்கள் கணவரே இரண்டு சனி ஞாயிறில் நிரப்பிவிடலாம்.

காலம் பற்றி: கியூபெக் தவிர்ந்த இடங்களுக்கு 12 மாதம் என்பது அவர்களே வைத்திருக்கிற இலக்கு. சிலருக்கு அதற்குள் முடிகிறது, பலருக்கு நீள்கிறது. மொன்றியலில் இருப்பவர்களுக்குக் கியூபெக் மாகாணத்தின் அனுமதியும் தேவைப்படுவதால் இன்னும் நீளும். உங்கள் கணவர் ரொறன்ரோ என்பதால் அந்தச் சுமை இல்லை. நேர்முகம் எல்லோருக்கும் வராது. கைரேகையும் மருத்துவப் பரிசோதனையும் அவர்கள் கடிதம் அனுப்பியபிறகுதான். மருத்துவம் 12 மாதம்தான் செல்லும் என்பதால் முந்திக்கொண்டு செய்ய வேண்டாம். பொலிஸ் சான்றிதழுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடந்த பத்து வருடத்துக்குள் தமிழ்நாட்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு இந்தியச் சான்றிதழும் வேண்டும். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள் இதைக் கவனியுங்கள். மறுத்தால் கணவர் அங்கே 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதற்கென்றே குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவு ஒன்று இருக்கிறது, அங்கே புதுச் சான்றுகளையும் கொடுக்கலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் இதைப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. முன்பு, 2012 முதல் 2017 வரை, புதிதாகக் கலியாணம் செய்து போகிறவர்கள் இரண்டு வருடம் கணவரோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர். நிலைக்கும் என்ற நிபந்தனை இருந்தது. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். உண்மையாகச் செய்த கலியாணம் என்றால், இறங்கிய நாளிலிருந்து அந்த வதிவிடம் உங்களுடையது. அடி உதை என்று வந்து விலகினால் அதற்காக உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. "நான் நினைச்சால் உன்னைப் பிளேன் ஏத்துவன்" என்று யாராவது சொன்னால் அது பொய். உங்கள் கணவர் நல்லவராகவே இருக்கட்டும். இது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவு. பிரதேச செயலகத்தில் பிறப்பு, திருமணம் இரண்டுக்கும் புதுப் பிரதி எடுங்கள். கடவுச்சீட்டில் காலம் குறைவாக இருந்தால் வவுனியா அலுவலகத்திலேயே புதுப்பியுங்கள். ஒரு கொப்பி வாங்கி, பத்து வருடத்தை மாதம் மாதமாக, எந்த வீடு, என்ன வேலை, என்ன படிப்பு என்று தமிழிலேயே எழுதுங்கள். திகதி தடுமாறினால் அம்மாவிடமும் விதானையாரிடமும் (கிராம அலுவலர்) கேளுங்கள், மீள்குடியேறிய பதிவு அவரிடம் இருக்கும். அந்தக் கொப்பி முடிந்ததும் மறுபடி எழுதுங்கள், விளக்கக் கடிதத்தை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.